தண்ணீர் டெக்கல் ஒட்டுவது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் மொடல் கட்டுகிறவர்கள் நம் பக்கம் அதிகம் இல்லை. ஆனால் கட்டுகிற எல்லோரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: பெயின்ட் வடிவாக வந்த பிறகு, எழுத்து, எண், சின்னம் அச்சிட்ட டெக்கலை ஒட்டும்போது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற முறை இங்கே அப்படியே சரிவராது. அவர்களுக்குக் கச்சான் காற்றும் தெரியாது, நம் மாரியும் தெரியாது. மொடல் பாகங்கள் வரும் பெட்டியான கிட்டும் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிற மாமாவோ அக்காவோ அனுப்பியதாக இருக்கும். அதில் டெக்கல் தாள் ஒன்றுதான், கெட்டால் மாற்று இல்லை. கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்முனை என்று பல பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, டெக்கல் எண்டா ஸ்டிக்கர்தானே? உரிச்சு ஒட்டினாப் போகாதா?

உரிக்கவே கூடாது. தண்ணீர் டெக்கலில் அடியில் தடித்த கடதாசி, அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை, அதன்மேல் மிக மெல்லிய நிறமில்லாத படலம், அதோடு அச்சிட்ட மை என்று வரிசையாக இருக்கும். நனைத்தால் பசை இளகும். மையும் படலமும் ஒன்றாகக் கடதாசியிலிருந்து வழுக்கி வரும். அதை மொடலின்மேல் தள்ளிவிட்டு, இடம் பார்த்து, தண்ணீரை ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது.

ஸ்டிக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். டெக்கலின் படலம் சரியாகப் படிந்தால், பலகைக் கோடு (தகடுகள் சேருகிற கோடு), ஆணித்தலை எல்லாவற்றின் மேலும் படுத்து, பெயின்டில் எழுதியது மாதிரியே நிற்கும். இவ்வளவு மெனக்கெடுவது அதற்காகத்தான்.

என்னென்ன சாமான் வேணும்?

நுனி தட்டையான ட்வீசர், புது பிளேட், சின்னக் கத்தரிக்கோல், மென்மையான தூரிகை ஒன்று, கொட்டன் பட், டிஷ்யூ, ஆழமில்லாத ஒரு தட்டு. இவை எல்லாம் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். டெக்கலை மென்மையாக்கும் திரவத்தைத்தான் கொழும்பிலிருந்தோ வெளியிலிருந்தோ எடுக்க வேண்டிவரும். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

எங்கட கிணத்துத் தண்ணி காணுமா?

வாவிக்குக் கிட்ட இருக்கிற கிணறு என்றால் வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர் காய்ந்ததும் டெக்கலைச் சுற்றி வெள்ளை வளையம் விடும். கடும் பச்சை, கறுப்பு போன்ற நிறங்களில் அது பளிச்சென்று தெரியும். மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் பிறகு துடைக்கவும் முடியாது.

மாரியில் சுத்தமான பாத்திரத்தில் பிடித்த மழைத்தண்ணீர் நல்லது. மற்றக் காலத்தில் வாகன பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கினால் பல மொடலுக்குக் காணும். பற்றரி அசிட்டும் அதே கடையில் அதே மாதிரிப் போத்தலில் விற்பதுண்டு, லேபலை வாசித்து வாங்குங்கள்.

எவ்வளவு நேரம் ஊறவிடோணும்? நான் மிதந்து வாற மட்டும் விட்டனான்.

மிதக்கும்வரை விட்டால் பசையின் பெரும்பகுதி தட்டிலேயே கரைந்து போய்விடும். பிறகு டெக்கல் மொடலில் பிடிக்காது, ஓரம் கிளம்பும். ஒவ்வொரு டெக்கலையும் தனித்தனியாக வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி முக்கி எடுத்து, ஈர டிஷ்யூவின்மேல் ஒரு நிமிடம் வையுங்கள். கடதாசியே மிச்ச வேலையைச் செய்யும்.

ஈரத் தூரிகையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். வழுக்கினால் தயார். வழுக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள், விரலால் இழுக்க வேண்டாம். சில கம்பெனிகளின் தடித்த டெக்கலுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் பிடிக்கும். வெட்டும்போதே மையைச் சுற்றியுள்ள வெறும் படலத்தை முடிந்தளவு குறைத்துவிடுங்கள். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு கரைச்சல் குறைவு.

வடிவாத்தான் ஒட்டினேன். காய்ஞ்சாப் பிறகு எழுத்தைச் சுத்தி வெள்ளி மாதிரி மினுங்குது. டெக்கல் பிழையா?

என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். எல்லோரும் டெக்கலைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் பிழை டெக்கலில் இல்லை, கீழே இருக்கிற பெயின்டில்தான். மட் (பளபளப்பில்லாத) பெயின்ட் பார்வைக்குச் சமமாக இருந்தாலும் உண்மையில் நுண்ணிய மேடு பள்ளம் நிறைந்தது. படலம் மேடுகளின் உச்சியில் மட்டும் உட்காரும். பள்ளங்களில் காற்று நிற்கும். அந்தக் காற்றில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் நீங்கள் பார்க்கிற வெள்ளி மினுக்கம். ஒட்டும்போது தண்ணீர் பள்ளங்களை நிரப்பியிருப்பதால் அப்போது தெரியாது. அடுத்த நாள் காலையில்தான் தெரியும்.

டெக்கல் போகிற இடத்தை முதலில் பளபளப்பாக்கினால் இது வராது. பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு பளபளப்பு வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். மொடலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: ஜன்னல் கம்பி அதில் கோடாகத் தெரிந்தால் சரி, வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் இன்னொரு பூச்சு வேண்டும். டாங்கி, போர்வீரன் மினியேச்சர் என்று முழுக்க மட்டாக முடிகிற மொடலுக்கும் இதே வழிதான். கடைசியில் மட் வார்னிஷ் அடித்தால் எல்லாம் அடங்கிவிடும்.

இந்த ஒரு படியை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பலன் கிடைப்பது சந்தேகம். கீழே வருகிற பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

பளபளப்பு வார்னிஷுக்கு எங்க போறது? கார் பெயின்ட் கடை ஸ்பிரே அடிக்கலாமா?

மொடலுக்கென்று வரும் அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையாலேயே பூசலாம். டெக்கல் போகிற இடத்துக்கு மட்டும் பூசினாலும் போதும். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் கிளியர் ஸ்பிரே பெரும்பாலும் லக்கர். அதன் கரைப்பான் கடுமையானது. ஈரமாகத் தடித்து அடித்தால் கீழுள்ள பெயின்டையும், ஏற்கனவே ஒட்டிய டெக்கலையும் சுருக்கிவிடும். அடிக்கத்தான் வேண்டுமென்றால், தூர இருந்து புகை மாதிரி மெல்லிசாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததை அடியுங்கள். முதலில் ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டில் அதே பெயின்டைப் பூசிப் பரீட்சித்துப் பாருங்கள். வெளியில் வைத்து, மூக்கை மூடிக்கொண்டு அடியுங்கள்.

அக்ரிலிக் பெயின்ட் என்றால் ஒரு நாள் காயவிடுங்கள். எனாமல் என்றால் சில நாள் வேண்டும், மழை நாளில் அதற்கும் மேலே. மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் பெயின்ட் மணம் இன்னும் வருகிறதா? அப்படியென்றால் இன்னும் காயவில்லை.

செட், சோல் எண்டு ரெண்டு போத்தல் இருக்காமே. எது எதுக்கு?

மைக்ரோஸ்கேல் கம்பெனியின் மைக்ரோ செட், மைக்ரோ சோல் இரண்டையும்தான் கேட்கிறீர்கள். நீல லேபல் செட், சிவப்பு லேபல் சோல். செட்டை டெக்கலுக்குக் கீழே, மொடலின்மேல் முதலில் தடவ வேண்டும். அது மேற்பரப்பை நன்றாக நனைத்து, டெக்கலைச் சற்று இளக்கி, பிடிப்பைக் கூட்டும். சோல் அதைவிடக் கடுமையானது. டெக்கல் தன் இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஒற்றி எடுத்த பிறகு மேலே தடவுவது. படலத்தையே குழைய வைத்து, கோடுகளுக்குள்ளும் ஆணித்தலைகளின் மேலும் படிய வைக்கும். ஜப்பானிலிருந்து வரும் மிஸ்டர் மார்க் செட்டர், மிஸ்டர் மார்க் சொஃப்டர் இரண்டும் ஏறத்தாழ இதே ஜோடி.

செட்டுக்குப் பதிலா வீட்டு வினாகிரி போடலாமா?

செட்டைத் திறந்தாலே வினாகிரி மணம்தான் வரும், அதில் அசெட்டிக் அமிலம் இருக்கிறது. அதனால் நிறமில்லாத வெள்ளை வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து செட்டுக்குப் பதிலாகப் பாவிக்கலாம். பலன் குறைவு, ஆனால் வெறும் தண்ணீரைவிட மேல். தென்னை வினாகிரி வேண்டாம், நிறமும் கசடும் விடும். சோலுக்கு வினாகிரி ஈடாகாது. வளைவும் ஆணித்தலையும் உள்ள மொடல் என்றால் சோல் ஒரு போத்தல் எடுப்பிக்கத்தான் வேண்டும். தொட்டுத் தடவுகிற சாமான் என்பதால் ஒரு போத்தல் நெடுநாள் வரும்.

சோல் தடவின உடன டெக்கல் சுருங்கிப்போச்சு! எல்லாம் நாசமா?

நாசமில்லை, கையை எடுங்கள். சோல் பட்ட டெக்கல் முதலில் சுருக்கம் சுருக்கமாக எழும்பும், பார்க்கப் பயமாக இருக்கும். படலம் இளகுவதன் அடையாளம் அது. அந்த நேரத்தில் டெக்கலுக்குச் சொந்த வலு கிடையாது. தூரிகை நுனி பட்டாலே கிழியும். விட்டுவிட்டால் காயும்போது தானே இறுகிப் படியும். காய்ந்த பிறகும் ஒரு சுருக்கம் நின்றால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு துளி.

இடம் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் சோல் தடவ வேண்டும் என்பதும் இதனால்தான். சோல் போட்ட பின் டெக்கலை நகர்த்த நினைக்காதீர்கள்.

இடம் மாறி ஒட்டுப்பட்டுட்டுது. சோல் இன்னும் போடல்ல.

அப்படியென்றால் நல்லது. தூரிகையால் தாராளமாகத் தண்ணீர் விட்டு, ஓரத்துக்குக் கீழே தண்ணீர் போக ஒரு நிமிடம் கொடுங்கள். டெக்கல் மறுபடி மிதக்கத் தொடங்கும். ஈரத் தூரிகையால் நடுவிலிருந்து தள்ளுங்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மடியும். மடிந்த டெக்கலை விரலால் நிமிர்த்தப் பார்க்காமல் தண்ணீர்த் துளிக்குள்ளேயே விட்டுத் தூரிகையால் விரியுங்கள்.

கச்சான் அடிக்கிற நேரம் டெக்கல் இழுக்க முந்தியே காய்ஞ்சு பிடிக்குது. என்ன செய்யிற?

வைகாசி முதல் ஆடி வரை பின்னேரத்தில் டெக்கல் வேலைக்கு உட்காராதீர்கள். அந்த உலர்ந்த காற்றில் செட் சில விநாடியில் காய்ந்துவிடும். சோல் வேலை செய்ய நேரமே கிடைக்காது. போதாததற்குப் புழுதி வந்து ஈர வார்னிஷில் ஒட்டும். விடியப்புறம் நல்ல நேரம். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். செட் தடவிய இடத்தில் மேலும் ஒரு துளி தண்ணீர் விட்டு, அதன்மேல் டெக்கலை இறக்கினால் நகர்த்த நேரம் கிடைக்கும். சோலைப் பெரிய டெக்கல் முழுவதற்கும் ஒரேயடியாகப் பூசாமல் பகுதி பகுதியாகப் பூசுங்கள்.

மாரியில் தொல்லை வேறு. டெக்கல் ஒட்ட வசதியான காலம் அது, நிதானமாகக் காயும். ஆனால் மழை நாளில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் பால் மாதிரி வெளுத்துப்போகும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதால் வருவது அது. வெயில் எறித்த ஒரு நாளில் அதே பளபளப்பு வார்னிஷை மெல்லிசாக மறுபடி அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தீபாவளி முதல் பொங்கல் வரை வார்னிஷைத் தூரிகையால் பூசுவதே நிம்மதி.

வெள்ளி மினுக்கம் வந்தாச்சு. இனித் திருத்த ஏலாதா?

ஓரளவுக்கு ஏலும், மேலே மட் வார்னிஷ் அடித்திருக்காவிட்டால். கூரான ஊசியால் அல்லது புது பிளேட் நுனியால் மினுங்குகிற இடத்தில் சின்னச் சின்னதாகக் குத்துங்கள். அதன்மேல் சோல் ஒரு துளி. ஓட்டைகளால் கீழே இறங்கி, காற்றை வெளியேற்றிப் படலத்தைப் படிய வைக்கும். காய்ந்ததும் பாருங்கள், மிச்சம் இருந்தால் திரும்பச் செய்யுங்கள். எழுத்துக்கு நடுவில் குத்தாமல் வெறும் படலத்தில் குத்துவது நல்லது. அதற்கும் மசியாத இடத்தில், அடி நிறத்தைத் தண்ணியாகக் கரைத்து நுனித் தூரிகையால் அந்தத் திட்டை மூடிவிடலாம்.

வார்ஹாமர் விளையாட்டு மினியேச்சரின் தோள் உருண்டையில ஒட்டினா ஓரமெல்லாம் மடியுது.

தட்டையான வட்டம் உருண்டையின்மேல் படியாது. எங்காவது மிச்சப் படலம் மடியத்தான் செய்யும். நனைப்பதற்கு முன் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மூன்று நாலு சின்ன வெட்டுப் போடுங்கள், மையில் படாமல் வெறும் படலத்தில் மட்டும். ஒட்டும்போது வெட்டின் இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடிப்பு இல்லாமல் உட்காரும். பிறகு சோல் பல முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. முதல் தரத்திலேயே படிய வேண்டும் என்று ஈரக் கொட்டன் பட்டால் அழுத்துகிறவர்கள்தான் அதிகம் கிழிக்கிறார்கள். தோளுக்கு முன்கூட்டியே பளபளப்பு வார்னிஷ் பூசியிருக்க வேண்டும் என்பதை இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை.

மாமா வச்சிருந்த பழைய கிட். டெக்கல் மஞ்சளாப் போச்சு, தண்ணியில போட்டா நொறுங்குமோ எண்டு பயம்.

மஞ்சளுக்கு வெயிலே மருந்து. தாளை சிப் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடி, மை உள்ள பக்கம் வெளியே பார்க்க ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவையுங்கள். நம்மூர் வெயிலுக்கு மஞ்சள் நன்றாகவே குறையும். ஒவ்வொரு நாளும் பாருங்கள். சிவப்பு மை வெளுக்கத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள்.

நொறுங்குமா என்பதை அறிய, தாளில் தேவைப்படாத ஒரு எண்ணையோ கம்பெனிப் பெயரையோ முதலில் நனைத்துப் பாருங்கள். அது துண்டு துண்டாகப் போனால் மிச்சத்தை நனைக்காதீர்கள். மைக்ரோஸ்கேல் லிக்விட் டெக்கல் ஃபிலிம் என்ற திரவத்தைத் தாள் முழுவதும் மெல்லிசாகப் பூசிக் காயவிட்டால் புதுப் படலம் உருவாகும். இப்போது தாள் முழுக்க ஒரே படலம் என்பதால் ஒவ்வொரு டெக்கலையும் மையை ஒட்டி வெட்டியெடுக்க வேண்டும்.

புதுத் தாள்களை இந்த நிலைக்குக் கொண்டுவராமல் இருக்க, சிப் பையில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தட்டையாக வையுங்கள். தாள்களுக்கு இடையில் மெழுகுக் கடதாசி வையுங்கள். மாரி ஈரத்தில் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டினால் பிரிக்கவே முடியாது.

நான் சிவப்பு சீ.ரீ.பி. பஸ் ஒண்டு செய்யிறன். 'மட்டக்களப்பு' எண்டு வெள்ளை எழுத்தில போர்ட் வேணும். பிரிண்ட் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் வீட்டு பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. வெள்ளையாகத் தெரிவது கடதாசிதான். நிறமில்லாத டெக்கல் தாளில் வெள்ளை எழுத்து அச்சடித்தால் ஒன்றும் வராது. வெள்ளைப் பின்புலமுள்ள டெக்கல் தாள் வாங்கி, போர்டின் கறுப்பை அச்சடித்து, எழுத்தின் இடத்தை வெறுமனே விடுங்கள். வெட்டிய விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும். கறுப்புப் பேனாவால் அதை மூடிவிடலாம். பஸ்ஸின் சிவப்பின்மேல் நேராக வெள்ளை எழுத்து என்றால், சிவப்பையும் சேர்த்து அச்சடிக்க வேண்டிவரும், அது உங்கள் பெயின்டோடு ஒத்துப்போகாது. அதற்கு வெள்ளை டோனர் உள்ள கடையைத் தேடுவதே வழி.

இன்க்ஜெட் அச்சு தண்ணீரில் கரையும். நனைப்பதற்கு முன் கிளியர் அக்ரிலிக் ஸ்பிரே இரண்டு மூன்று மெல்லிய பூச்சு அடித்துக் காயவிட வேண்டும். லேசர் அச்சு கரையாது, ஆனாலும் உரசினால் உரியும், அதற்கும் ஒரு பூச்சு நல்லது. தாளும் பிரிண்டருக்கேற்றதாக இருக்க வேண்டும்; இன்க்ஜெட் தாளை லேசருக்குள் விட்டால் சூட்டில் உருகி உள்ளே ஒட்டும். தமிழ் எழுத்துக்கு ஒன்று கவனியுங்கள்: 1/76 அளவில் 'மட்டக்களப்பு' என்ற சொல்லில் மூன்று புள்ளிகளும் முதலில் காணாமல் போகும். தடித்த எழுத்துரு எடுத்து, புள்ளிகளை மட்டும் கையால் கொஞ்சம் பெரிதாக்கிய பிறகு அச்சடியுங்கள்.

ஹெர்மிஸ் கப்பலைத் தாக்கின விமானமும், இங்க இருந்த ஹரிகேனும் செய்யிறன். பெட்டியில வந்த டெக்கலையே போடலாமா?

மட்டக்களப்புக் கடலில் கிடக்கிற எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடிக்கப்பட்டது. கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் அன்றே மூழ்கியது. தாக்கியவை ஜப்பானியக் கப்பல்களிலிருந்து வந்த ஐச்சி டி3ஏ என்ற, 'வால்' (Val) என்று அழைக்கப்பட்ட விமானங்கள். அதற்குப் பெரிய சிவப்பு வட்டங்கள் இறக்கையின் மேலும் கீழும், உடலின் இரு பக்கமும் வேண்டும். என் அபிப்பிராயம்: அந்த வட்டங்களை டெக்கலில் போடாதீர்கள். மறைப்பு டேப்பில் வட்டம் வெட்டி, சிவப்பைப் பெயின்டாகவே அடியுங்கள். ஒரே நிற வட்டம்தானே. இறக்கை வளைவில் பெரிய டெக்கல் படுத்துகிற பாடு மிச்சம். வாலில் வருகிற எண்களுக்கு மட்டும் டெக்கல் போதும்.

ஹரிகேன் என்ற பிரித்தானியப் போர்விமானத்தில் திகதியைக் கவனிக்க வேண்டும். அந்த ஏப்ரலில் திருகோணமலை சீனன்குடாவில் 261ஆம் ஸ்குவாட்ரன் ஹரிகேன்கள் இருந்தன. அப்போது பிரித்தானிய வட்டத்தின் நடுவில் சிவப்பு இருந்தது. ஜப்பானியச் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று பிறகுதான் இந்தப் பிராந்தியத்தில் அந்தச் சிவப்பை நீக்கி, நீலத்தில் இரண்டு சாயலாக மாற்றினார்கள். பெட்டியில் நீல நடு வட்டம் வந்தால் அது அந்த நாளுக்குப் பொருந்தாது. சிவப்பு நடு வட்டம் தனித் துண்டாக வரும் தாள் என்றால், முதலில் வெளி வட்டத்தை ஒட்டி, முழுக்கக் காய்ந்து, அடுத்த நாள்தான் சிவப்பை அதன்மேல் வையுங்கள். ஈரத்தில் வைத்தால் இரண்டும் சேர்ந்து நகரும்.

டெக்கல் போட்டாச்சு. அழுக்கு வாஷ் அடிக்கிறதா, மட் அடிக்கிறதா, எது முதல்?

ஓர் இரவு காயவிடுங்கள். ஈரக் கொட்டன் பட்டால் டெக்கலைச் சுற்றியுள்ள பசைத் தடத்தைத் துடையுங்கள். விட்டால் பழுப்பாகத் தெரியும். பிறகு மேலே ஒரு மெல்லிய பளபளப்பு வார்னிஷ், டெக்கலை உள்ளே பூட்டிவைக்க. அதற்குப் பிறகு எனாமல் வாஷ் (அழுக்குப் போலக் காட்டத் தண்ணியாகக் கரைத்த பெயின்ட்), அதன் பிறகு மட் வார்னிஷ். பளபளப்புப் பூட்டு இல்லாமல் வாஷ் அடித்தால், டெக்கல் விளிம்பில் அது புகுந்து கறுப்புக் கோடு போடும்.

எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் பார்த்தன், இலக்கம் தலைகீழ். கழட்டலாமா?

மேலே வார்னிஷ் அடிக்காவிட்டால், மறைப்பு டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி வேகமாக உரியுங்கள். டெக்கல் டேப்போடு வந்துவிடும், ஆனால் மறுபடி பாவிக்க முடியாது. கீழுள்ள பெயின்ட் சரியாகக் காயாதது என்றால் அதுவும் சேர்ந்து வரும், ஒரு மூலையில் முதலில் பாருங்கள். சோல் போட்டு இறுகியது டேப்புக்கு வராது. சோலில் ஊறிய கொட்டன் பட்டை அதன்மேல் சில நிமிடம் வைத்து, குழைந்ததும் உருட்டி எடுங்கள். வார்னிஷும் அடித்தாயிற்று என்றால் கழற்ற நினைக்க வேண்டாம். 1000 இலக்க ஈர உப்புக் கடதாசியால் அந்தத் திட்டை மட்டும் மெல்லத் தேய்த்து, அடி நிறம் பூசி, பளபளப்பு வார்னிஷ் போட்டு, மிச்சத் தாளில் அதே எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். முழு இலக்கமாக இல்லாவிட்டால் தனித்தனி எண்களை வெட்டிச் சேர்க்கலாம். 6ஐத் திருப்பினால் 9.